எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்: கல்லூரிக் கட்டணம் செலுத்தும் முன்

கேள்வி: பள்ளிப் படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். செல்பேசி, டிரோன் போன்ற கருவிகளின் மீது ஆர்வம் அதிகம் என்பதால், கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பொறியியல் படிக்கலாமா என்று யோசிக்கிறேன். கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்குகிறேன். ஆனால் விரும்பிப் படிக்கிறேன் என்று சொல்ல முடியாது. கணினி அறிவியலே பாதுகாப்பானது என்கிறார்கள் உறவினர்கள். நான்கு ஆண்டுகளையும் பெற்றோரின் சேமிப்பையும் இதில் போடலாமா?

பதில்: உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது செல்பேசி ஆர்வம் அல்ல, கணிதத்தைப் பற்றி நீங்கள் மறைக்காமல் சொல்லியிருக்கும் செய்திதான். இந்தப் படிப்பில் கருவிகள் கண்ணில் படுவது குறைவு. அவற்றுக்கு அடியில் இருக்கும் கணக்குத்தான் பெரும்பகுதி. மின்சுற்றுகள், சிக்னல்கள், மின்காந்த அலைகள், தகவல்தொடர்புக் கோட்பாடு என்று எந்தப் பாடத்தைத் திறந்தாலும் வகைக்கெழுச் சமன்பாடுகளும் ஃபூரியர் உருமாற்றமும் நிகழ்தகவும் வந்து நிற்கும். ஓர் இசைக் குறுந்தகட்டில் (சி.டி.) ஒலி ஏன் வினாடிக்கு 44,100 முறை அளந்து பதியப்படுகிறது என்று கேட்டால், மனிதக் காது கேட்கும் உச்ச அதிர்வெண் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் என்பதும், ஓர் அலையைப் பிழையின்றி மீட்க அதன் உச்ச அதிர்வெண்ணின் இரு மடங்கைவிட அதிகமாக மாதிரி எடுக்க (அதாவது அளக்க) வேண்டும் என்பதும் விடையாக வரும். இப்படி ஒரு விடை கிடைத்ததும் 'ஏன் இரு மடங்கு?' என்ற அடுத்த கேள்வி உங்களுக்குள் தானாக எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால், பள்ளிக் கணிதம் சலித்துப்போனது ஒரு குறையே அல்ல. பயன் தெரியாமல் படித்த கணிதம் பலருக்கும் சலிக்கத்தான் செய்யும்.

பெருந்தொகை கொடுத்து வாங்கும் எதையும் சோதித்துப் பார்த்தே வாங்க வேண்டும் என்பதால், இதற்கும் ஒரு சிறு சோதனையைச் சொல்கிறேன். 9 வோல்ட் பேட்டரி, 100 கிலோ ஓம் மின்தடை, 16 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்கக்கூடிய 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, உதிரிகளைப் பற்றவைக்காமல் செருகி இணைக்கும் ஒரு பிரெட்போர்டு, வோல்ட்டை அளக்க விலை குறைந்த மல்டிமீட்டர் ஆகியவை போதும். மின்தடையையும் மின்தேக்கியையும் தொடராக இணையுங்கள். மின்தேக்கியில் கோடு போட்டிருக்கும் கால் பேட்டரியின் எதிர்முனைப் பக்கம் இருப்பது கட்டாயம். மல்டிமீட்டரை மின்தேக்கியின் இரு கால்களிலும் வைத்துக்கொண்டு பேட்டரியை இணைத்தால், வோல்ட் முதலில் விறுவிறுவென்று ஏறி, போகப் போகத் தயங்கித் தயங்கி ஏறும். கணக்குப்படி 10 வினாடியில் ஏறத்தாழ 5.7 வோல்ட், அதாவது முழு அளவில் 63 சதவீதம், வந்திருக்க வேண்டும். 50 வினாடியில் 9 வோல்ட்டை நெருங்கிவிட வேண்டும். உங்கள் கையில் அந்த 5.7 வோல்ட் 8 வினாடியிலோ 12 வினாடியிலோ வரலாம், ஏனென்றால் இவ்வகை மின்தேக்கிகளின் மதிப்பு குறித்ததிலிருந்து 20 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருப்பது வழக்கம். அந்த 63 எங்கிருந்து வந்தது என்று ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டுத் தேடத் தோன்றினால், இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவரும் என்று தயங்காமல் சொல்வேன். 'எண் வந்துவிட்டது, போதும்' என்று எடுத்து வைத்துவிடத் தோன்றினால், அதையும் ஒரு நேர்மையான விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

உறவினர்களின் அறிவுரையை நான் ஒதுக்கிவிட மாட்டேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களில் நிறையப் பேர் மென்பொருள் வேலைக்குத்தான் போகிறார்கள். நிரல் எழுதுவது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால், நேராகக் கணினி அறிவியலையே எடுப்பது நல்லது. சுற்றிக்கொண்டு போவதற்காக நான்கு ஆண்டு மின்காந்தவியலைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் சிப் வடிவமைப்பு, ஆண்டெனா, கம்பியில்லாத் தொடர்பு, கருவிகளுக்குள் ஓடும் எம்பெடட் நிரல் ஆகியவற்றுக்கு இந்தப் படிப்பே இயல்பான வாசல். அவற்றிலும் சிப் வடிவமைப்பு, ஆண்டெனா ஆகிய இரண்டிலும் பல வேலைகளுக்கு முதுநிலைப் பட்டம் எதிர்பார்க்கப்படுவதால், செலவுக் கணக்கை நான்கு ஆண்டோடு நிறுத்தாமல் ஆறு ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள். இதைப் பெற்றோரிடம் இப்போதே சொல்லிவிடுவது உங்கள் கடமை என்று நினைக்கிறேன்.

கேள்வி: என் மகன் இந்தப் படிப்பைத்தான் எடுப்பேன் என்று உறுதியாக இருக்கிறான். நாங்கள் பார்த்த கல்லூரிகள் எல்லாமே வேலைவாய்ப்பைப் பற்றிப் பெரிதாகப் பேசுகின்றன. பணம் கட்டும் முன் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

பதில்: முதலில் ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள், அதுவும் மாணவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில். மின் அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் ஒன்றைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள், சுற்றைத் தொட்டு அளக்கும் அதன் புரோபுகளின் முனை உடையாமல் இருக்கிறதா, மாணவர்கள் பிரெட்போர்டில் தாங்களே சுற்றை அமைக்கிறார்களா, அல்லது எல்லாம் முன்பே இணைக்கப்பட்ட பயிற்சிப் பெட்டியில் இரண்டு வயரைச் செருகி அளவைக் குறித்துக்கொள்கிறார்களா என்பவற்றைக் கவனியுங்கள். நீங்கள் கொடுக்கும் கட்டணத்தில் வீட்டில் இருந்தபடி பெற முடியாத பகுதி இதுதான். விரிவுரைகளை இணையத்தில் இலவசமாகவே கேட்கலாம். அடுத்து, இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் அவருடைய புராஜெக்ட்டில் எது முதலில் வேலை செய்யாமல் போனது, அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேளுங்கள். தானே செய்தவர் விரிவாகச் சொல்வார். வெளியே காசு கொடுத்துச் செய்து வாங்கியவரால் சொல்ல முடியாது.

வேலைவாய்ப்பு எண்களில் சராசரிச் சம்பளத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒன்பது பேர் தலா 3 பங்கும் ஒருவர் 33 பங்கும் வாங்கினால் சராசரி 6 ஆகிவிடும். உங்கள் மகனுக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் 3தான். ஆகவே இடைநிலைச் சம்பளம் (எல்லோர் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) எவ்வளவு, அந்தக் கணக்கில் எத்தனை மாணவர்கள் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், அவர்களில் மின்னணுத் துறையிலேயே வேலை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று தனித்தனியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். பொறியியல் கல்விக்கான தரச்சான்று பொதுவாகப் படிப்புவாரியாகவும் கால வரம்புடனும் வழங்கப்படுகிறது. எனவே கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், இந்தக் குறிப்பிட்ட படிப்புக்குச் சான்று இப்போது நடப்பில் இருக்கிறதா என்று சான்று வழங்கிய அமைப்பின் பட்டியலிலேயே சரிபாருங்கள். வெளிநாட்டில் படிக்கவோ வேலை செய்யவோ எண்ணம் இருந்தால், பொறியியல் படிப்புகளின் தரச்சான்றை உறுப்பு நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்பதற்காக 1989இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் அந்தச் சான்று ஏற்கப்படுகிறதா என்பதும் முக்கியம். இடையில் விலகினால் எந்தத் தேதி வரை எவ்வளவு பணம் திரும்பும் என்ற விதியைப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரு கல்லூரியில் இதே படிப்பை வேறொரு புதுப் பெயரில், கூடுதல் கட்டணத்தில் தருகிறார்கள். அது மேலானதா?

பதில்: இரண்டு பாடத்திட்டங்களையும் பருவம் பருவமாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். புதுப் பெயருக்காகச் சேர்த்த பாடங்கள் இரண்டோ மூன்றோ மட்டும் என்றால், கூடுதல் பணம் அவற்றுக்குத்தான் போகிறது. அவற்றைச் சேர்ப்பதற்காகச் சிக்னல்கள், மின்காந்தவியல் போன்ற அடிப்படைகளைக் குறைத்திருந்தால், அதைவிடப் பழைய பெயரில் இருக்கும் படிப்பையே நான் பரிந்துரைப்பேன். பட்டச் சான்றிதழில் எந்தப் பெயர் அச்சிடப்படும் என்பதையும், மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் அந்தப் பெயர் இணையானதாக ஏற்கப்படும் என்பதற்கான ஆவணத்தையும் சேர்க்கைக்கு முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.