பிங்க் பிரின்சஸ் வளர்ப்பு: கேட்டதும் சொன்னதும்

கரும்பச்சை இலையில் பிங்க் திட்டு வரும் அலங்காரச் செடியான பிங்க் பிரின்சஸ் பிலோடென்ட்ரான் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

அக்கா, வாங்கும்போது இலையில் பாதி பிங்க்காக இருந்தது. இப்போது வருவதெல்லாம் கரும்பச்சை. வெளிச்சம் போதவில்லையா?

வெளிச்சத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தச் செடிக்குள் இரண்டு வகை செல்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று பச்சையம் தயாரிக்கும், இன்னொன்றால் முடியாது. பச்சையம் இல்லாத இடத்தில் ஆந்தோசயனின் என்ற நிறமி வெளியே தெரிகிறது, அதைத்தான் பிங்க் என்கிறோம். கொழுந்து முனையில் பச்சை செல்களே முழு இடத்தையும் பிடித்துக்கொண்டால், அதன் பிறகு எத்தனை விளக்கு மாட்டினாலும் அந்தக் கொழுந்தில் பிங்க் திரும்பாது.

அதனால் இலையை விடுங்கள், தண்டைத் திருப்பிப் பாருங்கள். நுனிக்கு அருகே உள்ள கணுக்களுக்கு நடுவில் மெல்லிய பிங்க் கோடு ஓடுகிறதா? ஓடினால் கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டுக் காத்திருக்கலாம், அடுத்தடுத்த இலைகளில் நிறம் வர வாய்ப்பு இருக்கிறது. கோடு நின்றுபோயிருந்தால், கீழே இறங்கி, கோடு தெளிவாக இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். வெட்டுவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சின்னப் புடைப்பாக ஒரு மொட்டு இருக்கும், புதுத் துளிர் அதிலிருந்துதான் வரும். கோடு அந்த மொட்டின் மேலேயே போக வேண்டும். தண்டின் மறுபக்கம் எவ்வளவு பிங்க் இருந்தாலும் பயனில்லை, துளிர் பச்சையாகத்தான் வரும். மொட்டில் பாதி பிங்க், பாதி கரும்பச்சை என்றால் அதுதான் நல்ல கணு.

என் செடியில் எதிர்மாறு. மூன்று இலையாக முழுக்க முழுக்க பிங்க். சந்தோஷப்படலாமா?

படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். முழு பிங்க் இலை சாப்பாடு தயாரிக்காது, கீழே இருக்கும் பச்சை இலைகளின் தயவில் வாழும், ஓரம் கருகிச் சீக்கிரம் உதிரும். தொடர்ந்து இப்படியே வந்தால் செடி இளைத்துவிடும். இங்கேயும் வைத்தியம் அதேதான்: நிறம் கலந்து வந்த கடைசி கணுவுக்கு மேலே வெட்டுங்கள்.

எங்கே வைப்பது? என்ன மண்?

ஜன்னலை ஒட்டி, நல்ல வெளிச்சம், ஆனால் உச்சி வெயில் நேராகப் படக் கூடாது, பிங்க் பகுதிதான் முதலில் கருகும். இருட்டான மூலையில் வைத்தால் கணு இடைவெளி நீண்டு, பிங்க்கும் வெளிறிப்போகும். வெறும் தோட்ட மண் வேண்டாம். தேங்காய் நார்த்தூள், பெர்லைட் (நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைக் கல் பொரி), மரப்பட்டைத் துண்டுகள் கலந்த, தண்ணீர் ஊற்றியதும் வடிந்துவிடும் கலவை போதும். மேல்மண்ணில் விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். இந்தச் செடிகள் தாகத்தில் சாவதைவிட வேர் அழுகிச் சாவதுதான் அதிகம்.

மாஸ் குச்சி (பாசி சுற்றிய குச்சி) அவசியமா?

இது கொடி, மரத்தைப் பிடித்து ஏறும் இனம். ஏற விட்டால் இலை பெரிதாகும், தொங்க விட்டால் சிறுத்துக்கொண்டே போகும். குச்சியை ஈரமாக வைத்திருந்தால்தான் காற்று வேர்கள் உள்ளே போகும். காய்ந்த குச்சி வெறும் முட்டுக்கொடுக்கத்தான் உதவும்.

பிங்க் காங்கோ என்று ஒன்று விற்கிறார்கள், இலை முழுக்க பிங்க். இதுவும் அதுவும் ஒன்றா?

இல்லை. அது ரசாயனம் கொடுத்துத் தற்காலிகமாக நிறம் ஏற்றிய செடி. சில மாதங்களில் புது இலைகள் பச்சையாக வர ஆரம்பிக்கும், அப்புறம் அது சாதாரண பச்சை பிலோடென்ட்ரான்தான். வெட்டிப் பார்த்தும் பயனில்லை, ஏனென்றால் அதன் தண்டில் பிங்க் கோடு எதுவும் இல்லை.

சேகரிக்க ஆரம்பிக்கிறேன். எதில் தொடங்கலாம்?

மணி பிளாண்ட்டில் வெள்ளை கலந்த மார்பிள் குயின், என்ஜாய் என்ற இரண்டு வகைகளும் வாங்குங்கள். வெட்டுவதையும் வேர் பிடிக்க வைப்பதையும் அதில் பழகிக்கொள்ளலாம், போனாலும் நெஞ்சு வலிக்காது. அடுத்து மான்ஸ்டெரா ஆசை வந்தால், அதில் ‘தாய் கான்ஸ்டலேஷன்’ என்ற வகை திசு வளர்ப்பில் (ஆய்வகத்தில் சிறு திசுவிலிருந்து செடி வளர்ப்பது) உருவானது, அதன் புள்ளிகள் பெரும்பாலும் நிலையாக இருக்கும். ஆல்போ என்ற மான்ஸ்டெரா வகை அப்படி இல்லை, பிங்க் பிரின்சஸ் மாதிரியே குணம் மாறும். சிண்டாப்சஸ் பிக்டஸ் என்ற கொடியின் இலையில் இருக்கும் வெள்ளிப் பூச்சு முற்றிலும் வேறு கதை: இலைத்தோலுக்கு அடியில் இருக்கும் காற்று இடைவெளியில் ஒளி சிதறி வெள்ளியாகத் தெரிகிறது, அதனால் பச்சையம் குறைந்த செடிகளின் தொல்லை அதற்கு இல்லை. அதை ஏன் பலர் மதிப்பதில்லை என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பிங்க் பிரின்சஸ் வாங்கும்போது, திசு வளர்ப்பில் வந்த குட்டிச் செடி மலிவாகக் கிடைக்கும், ஆனால் அது எப்படி வளரும் என்பது சீட்டுக் குலுக்கல்தான். கொஞ்சம் கூடக் கொடுத்தாவது, பல இலைகளில் தொடர்ந்து நிறம் காட்டிய செடியாக வாங்குங்கள். விற்பவரிடம் தண்டின் படத்தைக் கேளுங்கள், அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

இலையை மட்டும் தண்ணீரில் வைத்தேன், வேர் வந்துவிட்டது. செடி வருமா?

வராது. கணு இல்லாமல் துளிர் கிடையாது. வேரோடு அந்த இலை பல மாதம் அப்படியே நிற்கும்.

இலையில் வெள்ளி நிறத் தேய்ப்பு, நடுநடுவே கறுப்புப் புள்ளி. என்ன பூச்சி?

இலைப்பேன் (த்ரிப்ஸ்). கறுப்புப் புள்ளி அதன் எச்சம். முதலில் அந்தச் செடியைத் தனியாக எடுத்து வையுங்கள். இலையின் இரண்டு பக்கமும் தண்ணீரில் கழுவி, வேப்பெண்ணெய்யைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளியுங்கள். ஒரு தடவையோடு நிறுத்தாதீர்கள், முட்டை இலைத் திசுவுக்குள் இருக்கும், கூட்டுப்புழு மண்ணில் இருக்கும், இரண்டையும் தெளிப்பு தொடாது. வாரம் ஒரு முறை, சில வாரங்களாவது. புதிதாக வரும் எந்தச் செடியையும் கொஞ்ச நாள் தள்ளி வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்த்து வையுங்கள்.

ஆன்லைனில் பிங்க் பிரின்சஸ் விதை கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம். இந்த நிறம் விதை வழியாக நம்பும்படி வராது, தண்டு வெட்டியோ திசு வளர்ப்பிலோதான் பெருக்குகிறார்கள்.

வீட்டில் பூனை இருக்கிறது.

எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் உண்டு, மென்றால் வாய் எரிந்து வீங்கும். தவழும் குழந்தை இருந்தாலும் இதேதான், நீங்களும் வெட்டிய பிறகு கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.