உடைந்த பளிங்கிலிருந்து எழுந்த ஓவியங்கள்: கேள்வி பதில்

பழைய கிரேக்க, ரோமானியக் கலை பிற்கால ஓவியர்களிடமும் சிற்பிகளிடமும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், ஐரோப்பிய மறுமலர்ச்சி என்றால் பழைய கலையை மீண்டும் கண்டெடுத்தது என்று படித்தோம். உண்மையிலேயே மண்ணைத் தோண்டி எடுத்தார்களா, அல்லது அது பேச்சுக்குச் சொல்வதா?

உண்மையிலேயே தோண்டித்தான் எடுத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன்.

1506 ஜனவரி 14. ரோமில் எஸ்குவிலின் குன்றின் மேல் ஒரு திராட்சைத் தோட்டம். நிலத்துக்குள் ஏதோ சிலை தெரிகிறது என்று போப் இரண்டாம் ஜூலியஸுக்குத் தகவல் போகிறது. அவர் கட்டடக் கலைஞர் ஜூலியானோ த சங்கல்லோவை அனுப்புகிறார். அவர் தன் சின்ன மகனையும், வீட்டுக்கு அடிக்கடி வரும் மைக்கலாஞ்சலோவையும் கூட்டிக்கொண்டு போகிறார். குழிக்குள் இறங்கிப் பார்த்ததும் சங்கல்லோ சொன்னாராம்: “இது பிளினி எழுதிய லாவோக்கூன்!” அந்த மகன் வளர்ந்து, 60 வருடம் கழித்து 1567இல் எழுதிய கடிதத்தில்தான் இது பதிவாகியிருக்கிறது.

லாவோக்கூன் டிராய் நகரத்துப் பூசாரி. மரக்குதிரையை நம்பாதீர்கள் என்று ஊராரை எச்சரித்தவர். அவரையும் இரண்டு மகன்களையும் பாம்புகள் சுற்றி நெரிக்கும் காட்சிதான் அந்தச் சிலை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைப் பார்த்து, எந்த ஓவியத்தையும் வெண்கலச் சிலையையும் விட மேலானது என்று எழுதிவைத்தார். அவருடைய எழுத்து கைக்குக் கை மாறித் தப்பித்துவிட்டது, சிலை மண்ணுக்குள் போய்விட்டது. சங்கல்லோவின் தலைமுறை படித்து மட்டுமே தெரிந்து வைத்திருந்த ஒரு பொருளின் முன்னால் அன்று போய் நின்றது. அந்தக் குழிக்குள் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. சிலையில் லாவோக்கூனின் வலது கை உடைந்து காணாமல் போயிருந்தது. அது எப்படி இருந்திருக்கும் என்று விவாதம் நடந்து, கடைசியில் மேலே நீட்டிய கை ஒன்றைச் செய்து ஒட்டினார்கள். 1900களின் தொடக்கத்தில் லுட்விக் போலாக் என்ற தொல்லியல் அறிஞர் ரோமில் ஒரு கல்தச்சரிடம் மடங்கிய பளிங்குக் கை ஒன்றைக் கண்டார். அதுதான் அசல். 1950களின் இறுதியில் அதைச் சிலையோடு பொருத்தினார்கள். ஆக, ஏறத்தாழ 400 வருடம் ஐரோப்பா பார்த்துப் பார்த்து வரைந்தது தவறான கையை! நான் ஓவியக் கல்லூரியில் முதல் வருடம் கரித்துண்டால் வரைந்த பிளாஸ்டர் பிரதியிலும் கை நீட்டித்தான் இருந்தது. நீட்டிய கை வீரமாகப் போராடுவது போலத் தெரியும். மடங்கிய கையோ தலைக்குப் பின்னால் போய், அவரால் இனி முடியாது என்பதைச் சொல்லிவிடும்.

கேள்வி: அப்படியென்றால் மைக்கலாஞ்சலோவும் மற்றவர்களும் பழையதைப் பார்த்துக் காப்பியடித்தவர்கள்தானே?

இல்லை அம்மா. இளம் வயதில் அவர் தூங்கும் மன்மதன் ஒன்றைச் செதுக்கினார். அதைப் பழைய சிலை போலத் தோன்றச் செய்து, 1496 வாக்கில் ரோமில் ஒரு கார்டினலுக்கு விற்றுவிட்டார்கள். பழையதை அச்சு அசலாகச் செய்யும் திறமை அவருக்கு இருந்தது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை.

வத்திகானில் ‘பெல்வெடேர் டார்சோ’ என்று ஒரு துண்டுச் சிலை இருக்கிறது. தலை இல்லை, கைகள் இல்லை, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஏதென்ஸ்காரரான அப்பொல்லோனியோஸ் செய்தது என்று அதிலேயே பொறித்திருக்கிறது. மிஞ்சியிருப்பது உட்கார்ந்தபடி திரும்பும் ஒரு முதுகும் வயிறும் தொடைகளும் மட்டுமே. அதன் விலாப் பக்கம் பாருங்கள்: ஒரு பக்கம் தசை மடிந்து நெருங்கும், மறுபக்கம் இழுபட்டு விரியும். இந்த முறுக்கை எடுத்துக்கொண்டு, சிஸ்டைன் தேவாலயத்து விதானத்தில் (1508–1512) உட்கார்ந்திருக்கும் நிர்வாண இளைஞர்கள் இருபது பேரை ஒருவர் போல் ஒருவர் இல்லாமல் வரைந்தார். அந்தச் சிலைக்குத் தலையும் கைகளும் இருந்திருந்தால் இத்தனை விதமாக யோசித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே. இல்லாத உறுப்புகள்தான் அவருக்கு இடம் கொடுத்தன.

கேள்வி: நான் கல் சிற்பம் பழகுகிறேன் ஐயா. கிரேக்கச் சிலைகளின் காலோடு ஒட்டி ஒரு மரக்கட்டை இருக்கிறதே, ஏதாவது அர்த்தம் உண்டா?

உளி பிடிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, தம்பி. அது முட்டு. கிரேக்கர்களின் பெயர்பெற்ற சிலைகள் பல வெண்கலத்தில் வார்த்தவை. உள்ளே வெற்றிடம், அதனால் எடை குறைவு. வெண்கலத்துக்கு இழுவிசை தாங்கும் வலு உண்டு, ஆகவே இரண்டு கால்களிலேயே நின்றுகொள்ளும். பிற்காலத்தில் வெண்கலத்தை உருக்கிவிட்டார்கள். நம் கைக்கு வந்தவை பெரும்பாலும் ரோமானியர்கள் பளிங்கில் செய்த பிரதிகள். பளிங்கில் அதே நிலையைச் செதுக்கினால் கணுக்கால் தாங்காது, அதனால்தான் அடிமரம் ஒன்றைச் சேர்த்தார்கள். பாலிக்ளைடோஸ் செய்த ‘ஈட்டி ஏந்தியவன்’ சிலையின் பாம்பேய் பிரதி நேப்பிள்ஸில் இருக்கிறது. அதில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

மைக்கலாஞ்சலோவின் டேவிட் (1504) 5 மீட்டருக்கு மேல் உயரம். அதன் வலது காலுக்குப் பின்னாலும் ஒரு அடிமரம் உண்டு. அப்படியும் கணுக்காலில் மெல்லிய விரிசல்கள் இருக்கின்றன.

அந்த நிற்கும் நிலையையும் கவனியுங்கள். எடை முழுவதும் ஒரு காலில், மற்றது தளர்ந்து. இடுப்பு ஒரு பக்கம் சாய, தோள் எதிர்ப்பக்கம் சாயும். இத்தாலியர்கள் இதற்குக் ‘கான்ட்ரபோஸ்ட்டோ’ என்று பெயர் வைத்தார்கள். உடல் மூன்று இடத்தில் வளையும் நம் திரிபங்கம் தெரிந்த உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. திரிபங்கத்தில் வளைவு ஒரு தாளம். அங்கே எலும்பும் எடையும் போடும் கணக்கு.

கேள்வி: கிரேக்கச் சிலைகளுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. தலைமுடி, உதடு, கண், உடையின் கரை எல்லாவற்றிலும் வண்ணம் இருந்தது. 1863இல் ரோமுக்கு அருகே பிரிமா போர்ட்டாவில் கிடைத்த ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் சிலையில் வண்ணத்தின் மிச்சம் இருந்தது. புற ஊதா ஒளியில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத பூவேலைகளும் தெரியவரும். ஆனால் மண்ணும் மழையும் வண்ணத்தைத் தின்றபின் கிடைத்த வெண்மையைத்தான் பின்வந்தவர்கள் இலட்சியமாகக் கொண்டார்கள். கிரீஸுக்கே போகாத ஜெர்மானியக் கலை வரலாற்றாளர் வின்கெல்மான், உடல் வெண்மையாக இருக்க இருக்க அழகு கூடும் என்று 1764இல் எழுதினார். கனோவா போன்ற சிற்பிகள் தூய வெண்பளிங்கில் தேவதைகளைச் செதுக்கியது இந்த ரசனையின் காலத்தில்தான். இதில் எனக்குக் கோபம் வருவது ஓரிடத்தில்: 1930களின் இறுதியில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்களைச் செம்புக் கருவிகளால் சுரண்டி வெளுப்பாக்கினார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் தப்பித்த மேற்பரப்பு அப்படிப் போனது.

கேள்வி: சிலைகள் சரி. பழைய கிரேக்க ஓவியங்கள் எதுவுமே மிஞ்சவில்லை என்கிறார்களே, பிறகு ஓவியர்கள் எதைப் பார்த்தார்கள்?

பெரிய ஓவியர்களின் கைப்பட வந்த படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அதனால் படித்தார்கள். அப்பெல்லஸ் வரைந்த ‘அவதூறு’ என்ற படத்தை லூசியன் என்ற எழுத்தாளர் வார்த்தையில் விவரித்திருந்தார். யார் எங்கே நிற்கிறார்கள், அரசனுக்கு எப்படிக் கழுதைக் காது, எல்லாம் அதில் உண்டு. 1490களில் போட்டிசெல்லி அந்தப் பத்தியை வைத்துக்கொண்டே படத்தைத் திரும்ப வரைந்தார். ஃபிளாரன்ஸில் உஃபிட்ஸி அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

ரோமில் வேறு வழியும் கிடைத்தது. 1480 வாக்கில் நீரோ மன்னனின் பொன்மாளிகை அகப்பட்டது. அறைகள் விதானம் வரை மண்ணால் நிரம்பிக் கிடந்தன. ஓவியர்கள் கயிறு கட்டி இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் விதானத்தை முகத்துக்கு நேராகப் பார்த்தார்கள். கொடி முனையில் பாதி மனிதன், பாதி இலை என்று விசித்திர வேலைப்பாடு. குகை போலிருந்த அந்த அறைகளுக்குள் கிடைத்ததால், குகை என்று பொருள்படும் ‘கிரோட்டா’விலிருந்து ‘கிரோட்டெஸ்க்கே’ என்று பெயர் வந்தது. ராஃபேலும் அவருடைய கூட்டாளி ஜொவான்னி த ஊதினேயும் அதை வத்திகான் மாளிகையின் தாழ்வாரங்களுக்குக் கொண்டுபோனார்கள். வந்துபோனவர்கள் கிறுக்கிய பெயர்கள் பொன்மாளிகையின் விதானத்தில் இன்றும் இருக்கின்றன.

கேள்வி: நவீன ஓவியத்தில் இதெல்லாம் முடிந்துவிட்டதா?

முடியவில்லை. 1863இல் பாரிஸைக் கொதிக்கவைத்த மானேயின் ‘புல்வெளியில் மதிய உணவு’ படத்தைத் தேடிப் பாருங்கள். முழங்காலில் முழங்கையை ஊன்றி, கையில் முகவாயைத் தாங்கி நம்மைப் பார்க்கும் அந்தப் பெண்ணையும் பக்கத்து ஆண்கள் இருவரையும், ராஃபேலின் வரைவைக் கொண்டு மார்கன்டோனியோ ரைமொண்டி செதுக்கிய அச்சுப்படத்தின் மூலையிலிருந்து எடுத்தார். அங்கே அவர்கள் ஆற்றுத் தெய்வங்களும் ஒரு நீர்த்தேவதையும். ராஃபேலோ அவர்களை ரோமானியக் கல் சவப்பெட்டிகளின் புடைப்புச் சிற்பங்களிலிருந்து எடுத்தார். அப்படி ஒன்று ரோமில் வில்லா மெடிச்சியின் சுவரில் பதிந்திருக்கிறது. கல்லறைச் சிற்பத்தில் உட்கார்ந்தவர்கள் அப்படியே பாரிஸ் பூங்காவில் வந்து உட்கார்ந்தார்கள்.

கேள்வி: சென்னை அண்ணா சாலை தீவுத்திடல் பக்கம் இருக்கும் மன்றோ சிலையில் அங்கவடி (குதிரையில் ஏறியவர் பாதம் ஊன்றும் வளையம்) இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று என் அப்பா சொல்வார். சரியா?

அப்பா சொல்லும் கதை ஊரில் எல்லாரும் சொல்வதுதான், ஆனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1839இல் நிறுவிய அந்தச் சிலையைச் செய்தவர் பிரான்சிஸ் சான்ட்ரி. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் சிலையிலும் சேணம் இல்லை, அங்கவடி இல்லை. ஒரு சிற்பி இரண்டு முறையும் மறப்பாரா?

பிற்காலக் குதிரைச் சிலைகளுக்கு முன்மாதிரி ரோமில் இருக்கும் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் வெண்கலச் சிலை. கிறித்துவத்தை ஏற்ற கான்ஸ்டன்டைன் என்று தவறாக நினைத்ததால்தான் அதை உருக்காமல் விட்டார்கள். ரோமானியர்களுக்கு அங்கவடி தெரியாது. அது ஐரோப்பாவுக்கு வந்தது பல நூற்றாண்டு கழித்து. அதனால் பேரரசரின் பாதங்கள் பிடிமானம் இல்லாமல் தொங்குகின்றன. அப்பாவை ஒரு நாள் காலையில், வெயில் ஏறுமுன் அழைத்துப்போய் மன்றோவின் பாதங்களைக் காட்டுங்கள். அவையும் அதே மாதிரிதான் தொங்கும்.