பிஎம்பி படம் சேமிக்கும்போது 16, 24, 32 பிட்: எதைத் தேர்வது?

ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில், பிஎம்பி என்ற படக்கோப்பு வடிவில் சேமிக்கப் போனால் ஆர்5 ஜி6 பி5, ஆர்8 ஜி8 பி8 என்றெல்லாம் வருகிறதே, என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்து நிறத்தைக் குறிக்கிறது: ஆர் சிவப்பு, ஜி பச்சை, பி நீலம். பக்கத்து எண், படத்தின் ஒரு புள்ளியில் (பிக்சல்) அந்த நிறத்துக்கு எத்தனை பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) என்பது.

சாதாரணப் புகைப்படம் என்றால் யோசிக்காமல் ஆர்8 ஜி8 பி8 போடுங்கள். மொத்தம் 24 பிட். நிறத்துக்கு 256 படிகள், பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். 1000க்கு 1000 புள்ளிப் படம் சுமார் 30 லட்சம் பைட் பிடிக்கும்.

ஆர்5 ஜி6 பி5 என்ற 16 பிட்டில் அது 20 லட்சமாகக் குறையும். ஆனால் சிவப்புக்கும் நீலத்துக்கும் 32 படிகள்தான். மிஞ்சும் ஒரு பிட் பச்சைக்குப் போகிறது, நம் கண் பச்சையில்தான் நுணுக்கமாகப் பார்க்கும் என்பதால். அந்தி வானப் படம் ஒன்றை இப்படிச் சேமித்துப் பாருங்கள்: சீராகக் கரைய வேண்டிய செம்மஞ்சள் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். மைக்ரோகண்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லோடு வரும் சின்னத் திரைகளுக்கு மட்டுமே நான் இதைத் தேர்வேன்.

அப்புறம் 32 பிட். நிறம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள், கூடாது. நான்காவது 8 பிட், ஏ என்றிருந்தால் ஒளி ஊடுருவும் அளவு. எக்ஸ் என்றிருந்தால் வெற்றிடம். பிஎம்பியில் இந்த ஏ-யைப் பல மென்பொருள்கள் கண்டுகொள்வதே இல்லை. பின்னணி இல்லாத லோகோ வேண்டுமென்றால் பிஎன்ஜி என்ற படக்கோப்பு வடிவில் சேமியுங்கள்.