காசும் வாக்கும் சேர்ந்து வந்தால்: கால்பந்துக் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து, மரத்தடியில் வியர்வை காய உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் இங்கிலாந்து லீக்கில் போய் நின்றுவிடும். பெரிய கிளப்புகள் அவ்வப்போது கொண்டுவரும் ‘சீர்திருத்தம்’ பற்றி நம்ம பையன்களும் சுற்று வட்டார ரசிகர்களும் நிறையக் கேட்டிருக்கிறார்கள். ஆடியும் விசில் ஊதியும் முப்பது வருடம் போனவன் என்பதால் பதில் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

அண்ணாச்சி, ‘பிக் பிக்சர்’ திட்டம் என்று அடிக்கடி சொல்கிறீர்களே, அதில் அப்படி என்ன இருந்தது? (மேலப்பாளையம் தம்பி)

2020 அக்டோபரில் வெளியே கசிந்த திட்டம் அது. லிவர்பூலும் மான்செஸ்டர் யுனைடெடும் முன்னின்று தயாரித்தது. கீழ்நிலை லீக்குகளை நடத்தும் இ.எஃப்.எல். தலைவர் ரிக் பாரி ஆதரித்தார். கொரோனாவால் மைதானம் பூட்டிக் கிடந்து, டிக்கெட் வசூல் இல்லாமல் சின்ன கிளப்புகள் தத்தளித்த நேரம். அவர்களுக்கு உடனடியாக 25 கோடி பவுண்டு, பிறகு வருங்கால டிவி வருமானத்தில் 25 சதவீதம் என்றார்கள். அங்கே மேல்நிலை லீக்கான பிரீமியர் லீக் 20 அணியிலிருந்து 18 ஆகும், லீக் கோப்பை, கம்யூனிட்டி ஷீல்டு என்ற போட்டிகள் நின்றுவிடும்.

இதெல்லாம் மேலே தெரிந்த பகுதி. உள்ளே இருந்தது வாக்கு. பிரீமியர் லீக்கில் ஒரு விதியை மாற்ற 20 கிளப்பில் 14 கை தூக்க வேண்டும்; ஜெயித்தவனுக்கும் தோற்றவனுக்கும் ஒரே ஒரு கை. அதை மாற்றி, நீண்ட காலம் லீக்கில் இருக்கும் ஒன்பது கிளப்புக்குத் தனி வாக்குரிமை என்றார்கள். பெரிய ஆறோடு (லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, ஆர்சனல், செல்சி, டோட்டன்ஹாம்) எவர்ட்டன், வெஸ்ட் ஹாம், சவுத்தாம்ப்டன். அந்த ஒன்பதில் ஆறு சேர்ந்தால் முக்கியமான எதையும் மாற்றலாம். பெரிய கிளப்புகள் எத்தனை? அதுவும் ஆறுதான். இன்னொரு கிளப்பை யார் வாங்கலாம் என்பதைத் தடுக்கும் அதிகாரமும் அவர்களுக்கு.

அந்த மாதம் 14ஆம் தேதி கிளப்புகள் கூடி ஒருமனதாக வேண்டாம் என்றுவிட்டன.

சின்ன கிளப்புக்கு 25 சதவீதம் நல்லதுதானே? தடுத்தவர்கள் அவர்கள் வயிற்றில் அடித்த மாதிரி ஆகாதா? (வள்ளியூர் ஆசிரியர்)

நியாயமான கேள்வி சார். காசு தேவைதான். பரி என்று ஒரு கிளப், 1885இல் தொடங்கியது, எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை எடுத்தது. பணச் சிக்கலில் மாட்டி 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. 125 வருட லீக் உறவு அதோடு போயிற்று. அந்த ஊர்க்காரனிடம் போய் கொள்கை பேச எனக்கு வாய் வராது.

ஆனால் காசைக் கொடுக்க வாக்கு எதற்கு? 25 சதவீதத்தை மட்டும் தனியாகக் கொண்டு வந்திருக்கலாமே. இரண்டையும் ஒரே பொட்டலத்தில் கட்டியதுதான் என் கோபம். இன்று 25 என்று எழுதிக் கொடுத்தவர்கள், ஆறு கை போதும் என்றான பிறகு அதைப் பத்தாக்கினால் யார் கேட்பது? காசு இந்த வருடம் குறைந்தால் அடுத்த வருடம் பேசி வாங்கலாம். வாக்கைக் கொடுத்துவிட்டால் பேசப் போகும் இடத்தில் நாற்காலியே இருக்காது.

நான் பட்டதைச் சொல்கிறேன். பல வருடம் முன்பு நம் பக்கம் ஒரு செவன்ஸ் போட்டி, அணிக்கு ஏழு பேர். கூட்டம் சேர வேண்டும் என்று வெளியூர் அணிகள் நான்கை நேராகக் காலிறுதிக்கு எடுத்தார்கள். பரிசுத் தொகையையும் உயர்த்தினார்கள், அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் பையன்கள் மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆடி, முழங்கால் தோல் உரிந்து, உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் காலிறுதிக்கு வந்தார்கள். எதிரில் அன்று காலைதான் வேனிலிருந்து இறங்கிய அணி. ஐந்து கோல். அடுத்த வருடம் உள்ளூர் அணிகளில் பாதி பெயரே கொடுக்கவில்லை. அதற்கடுத்த வருடம் போட்டியே இல்லை.

நாம் டிவியில் பார்ப்பதே லிவர்பூல், மான்செஸ்டர், ஆர்சனல்தான். ஆள் சேர்ப்பவன் அதிகம் எடுத்தால் என்ன தப்பு? (அம்பாசமுத்திரம், லிவர்பூல் ரசிகர்)

தம்பி, நானும் அந்தப் பெரிய கிளப் ஒன்றின் ரசிகன்தான். அவர்கள் அதிகம் எடுக்கவில்லை என்று யார் சொன்னது? உள்நாட்டு டிவி பணத்தில் பாதி எல்லோருக்கும் சமம், கால் பங்கு தரவரிசைப்படி, கால் பங்கு எத்தனை ஆட்டம் நேரலையில் வந்தது என்பதைப் பொறுத்து. ஆக, ஆள் சேர்ப்பவனுக்கு அங்கேயே கூடுதல் கிடைக்கிறது. ஆனால் லீக் கொடுக்கும் டிவி பணத்தில் அதிகம் வாங்குபவன், குறைவாக வாங்குபவனைப்போல 1.8 மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. டிக்கெட், ஜெர்சி, விளம்பரம் எல்லாம் தனி, அதில் யாரும் பங்கு கேட்கவில்லை.

அந்த வரம்பு இருப்பதால்தான் சனிக்கிழமை ராத்திரி நீ தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாய். கடைசி இடத்து அணி உன் லிவர்பூலை அடித்துவிடுமோ என்ற பயம் இருக்கிறதே, நீ பார்ப்பது அதைத்தான். ஸ்பெயினில் ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் டிவி உரிமையைத் தனித்தனியாக விற்று அள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2015இல் அரசே ஆணை போட்டு, எல்லா கிளப்பும் சேர்ந்துதான் விற்க வேண்டும் என்று மாற்றியது.

லெஸ்டரை நினைத்துப் பார். 2008-09இல் மூன்றாம் நிலை லீக்கில் ஆடிய அணி. 2014-15இல் கிறிஸ்துமஸ் அன்று பிரீமியர் லீக்கில் கடைசி இடம். அடுத்த சீசனில், 2016 மே மாதம், சாம்பியன். வார்டி, மஹ்ரெஸ், கான்ட்டே என்ற பெயர்களை நம் டீக்கடையில் எல்லோரும் சொல்லத் தொடங்கியது அப்போதுதான். பழைய பெருமையை வைத்துத்தான் இடம் என்றிருந்தால் அந்த அணி மறு வருடம் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் வாசலைக்கூட மிதித்திருக்காது.

சூப்பர் லீக்கை உண்மையிலேயே ரசிகர்கள்தான் நிறுத்தினார்களா? (பேட்டை)

ரசிகர்கள் மட்டும் இல்லை. அரசு, ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் யூஃபா, ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள். ஆனால் தெருவில் நின்றது ரசிகர்கள். 2021 ஏப்ரல் 18, ஞாயிறு இரவு ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் அறிவித்தன: 20 அணி லீக், அதில் 15 பேருக்கு நிரந்தர இடம், தோற்றாலும் போக வேண்டாம். செவ்வாய் மாலை செல்சி மைதானத்துக்கு வெளியே ரசிகர்கள் சாலையை மறித்தார்கள். முன்னாள் கோலி பீட்டர் செக் கூட்டத்துக்குள் இறங்கி, கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. அன்று இரவுக்குள் ஆறு இங்கிலாந்து கிளப்பும் விலகிவிட்டன. பிறகு ஆறும் சேர்ந்து 2.2 கோடி பவுண்டு கட்டின. மறுபடி முயன்றால் 30 புள்ளி வெட்டு என்றும் ஒப்புக்கொண்டன.

சாம்பியன்ஸ் லீக் 36 அணி ஆனதும் பணக்காரர்களுக்காகத்தானா? (பெயர் வேண்டாம் என்றவர்)

பெரும்பாலும் ஆமாம். முதல் திட்டத்தில் இரண்டு இடம் பழைய சாதனைக் கணக்கை வைத்து, அந்த வருடம் சொதப்பிய பெரிய கிளப்புக்குப் போவதாக இருந்தது. எதிர்ப்பு வந்து 2022 மேயில் அதை எடுத்தார்கள். இப்போது அந்த இரண்டு இடமும் முந்தைய வருடம் ஐரோப்பாவில் நன்றாக ஆடிய நாடுகளுக்கு. 2024-25இல் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும், அடுத்த சீசனில் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போனது. வாசல் வேறு, உள்ளே போகிறவர்கள் அதே ஆட்கள்.

இத்தாலியின் அட்டலாண்டா கிளப் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே ஒரு நல்ல சீசனை வைத்து அவர்கள் சாம்பியன்ஸ் லீக்குக்கு வருவது சரியா என்று 2020இல் அதே நாட்டின் பெரிய கிளப்பான யுவென்டஸின் தலைவர் ஆன்ட்ரியா அன்யெல்லி வெளிப்படையாகவே கேட்டார். அந்த அட்டலாண்டா அந்த வருடம் காலிறுதி வரை போனது. 2024இல் ஜெர்மனியின் லெவர்குசனை 3-0 என்று அடித்து, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக்கைத் தூக்கியது.

ஜெர்மனியில் டென்னிஸ் பந்து எறிந்தார்களே, அது எதற்கு? (கல்லூரி மாணவி, பாளை)

ஊடக வருமானத்தில் 8 சதவீதத்தை 20 வருடத்துக்கு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்க 2023 டிசம்பரில் லீக் முடிவெடுத்தது, சுமார் நூறு கோடி யூரோவுக்கு. 36 கிளப்பில் 24 வாக்கு, தேவையான அளவு மட்டும். அங்கே 50+1 என்ற விதி உண்டும்மா. கிளப்பின் வாக்கில் பாதிக்கு மேல் உறுப்பினர்களான ரசிகர்கள் கையில் இருக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் செய்ததால் வாராவாரம் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்து, தங்கத் தாள் சுற்றிய சாக்லேட் காசு. ஆட்டம் நின்று நின்று நடந்தது. 2024 பிப்ரவரி 21 அன்று லீக் கைவிட்டது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ச் சண்டை. நமக்கு என்ன அண்ணாச்சி? (உவரி)

நம் நாட்டு ஐ-லீக்கில் 2018-19 சாம்பியன் யார்? சென்னை சிட்டி. கோயம்புத்தூரில் ஆடிய நம் தமிழ்நாட்டு அணி. அந்தப் பட்டத்தை வைத்து இந்தியாவின் இன்னொரு பெரிய லீக்கான ஐ.எஸ்.எல்.லுக்குள் போக அப்போது வழியே கிடையாது, காசு கட்டி வருகிறவனுக்குத்தான் இடம். ஆடி ஜெயித்து மேலே போகும் வழி திறந்ததே 2022-23 ஐ-லீக்கிலிருந்துதான். பஞ்சாப் போனது, அடுத்த வருடம் முகமதன் ஸ்போர்ட்டிங். சென்னை சிட்டிக்கு அது பிந்திப் போயிற்று.

சரி, இங்கிருந்து நாங்கள் செய்ய ஏதாவது உண்டா? (மேலப்பாளையம் தம்பியேதான்)

உண்டு. நம் செவன்ஸ் கமிட்டியில் இந்த வருடம் யாரோ மறுபடி அதே யோசனையைக் கிளப்பியிருக்கிறார்கள்: வெளியூர் அணிகளுக்கு நேரடிக் காலிறுதி, பதிலுக்கு உள்ளூர் அணிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கட்டணத்தை நாம் கட்டிக்கொள்வோம். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு மைதானத்தில் கூட்டம், ஒரு அணிக்கு ஒரு கை. கேப்டன் வராவிட்டால் வேறு ஒருவரை அனுப்புங்கள்.