வெற்றிப் பொருளில் பெயர்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: மகனுக்கு ‘விஜய்’ என்று வைக்கப் பெரியவர்களுக்கு ஆசை. நாங்கள் அதே பொருளில் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். ‘வெற்றி’யை விட்டால் வேறு சொல் உண்டா?
– வாசகி, மன்னார்குடி

நிறைய உண்டு. முதலில் கொற்றம். வெற்றி, அரசு இரண்டையும் குறிக்கும். சங்க காலத்தில் கொற்றன் என்றே ஆண்களுக்குப் பெயர் இருந்தது. புறநானூற்றில் பாடப்பட்ட பிட்டங்கொற்றன் ஒருவன். இன்றைக்கும் கூப்பிடச் சுருக்கமான, கம்பீரமான பெயர். பெண் குழந்தை என்றால் கொற்றவை: பாலை நிலத் தெய்வம், போரில் வெற்றி தருபவள். ‘உக்கிர தெய்வத்தின் பெயர் வேண்டாமே’ என்று வீட்டில் யாராவது தயங்கினால், துர்கா என்று வைப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

அடுத்தது வாகை. வென்றவர் சூடிய பூ. புறத்திணை ஒன்றுக்கே அதன் பெயர்தான். வாகைவேந்தன், வாகைச்செல்வி என்று இணைக்கலாம். ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் எழுத்துக்குப் பின் ‘ஏ’ ஒன்று மட்டும் போட்டால் ‘வகை’ என்று வாசிப்பார்கள். இரண்டு ‘ஏ’ போடுங்கள்.

பரணியைப் பலர் நட்சத்திரப் பெயராக மட்டுமே நினைக்கிறார்கள். போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தி வென்றவனைப் பாடும் நூல்வகைக்கும் அதுவே பெயர். ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும்.

‘விறல்’ என்பதற்கும் வெற்றி என்ற பொருள் உண்டு. ஆனால் பெயரில் வேண்டாம். பேச்சில் றகரமும் ரகரமும் ஒன்றாகிவிட்டதால் விறலரசன் விரலரசன் ஆகி, பள்ளியில் பிள்ளை படாத பாடு படுவான்.

வெற்றியோடு சேர்ப்பதானால் சந்தியைக் கவனியுங்கள். வெற்றிவேல், வெற்றிமாறன் அப்படியே சேரும். வெற்றிச்செல்வன் என்பதில் ‘ச்’ வேண்டும். வெற்றியழகன் என்பதில் இடையில் யகரம் வரும்.

கேள்வி: பேரனுக்கு ‘அஜய்’ என்று வைத்துவிட்டோம். ‘அ’ என்றால் இல்லை, அஜய் என்றால் ஜெயம் இல்லாதவன் என்கிறார் சம்பந்தி. மாற்ற வேண்டுமா?
– வாசகர், கோவில்பட்டி

வேண்டாம். சம்பந்தி பாதி சரி. சமஸ்கிருதத்தில் ‘அஜய’ என்ற சொல்லுக்குத் தோல்வி என்ற பொருளும் உண்டு. பெயராக வரும்போது ‘யாராலும் வெல்ல முடியாதவன்’ என்றே கொள்வது வழக்கம். அஜித் (வெல்லப்படாதவன்), அபராஜிதா (தோற்காதவள்) ஆகியவற்றிலும் இதே ‘அ’தான். கடைசிப் பல்லவ அரசர்களில் ஒருவன் பெயர் அபராஜிதன். சங்குப்பூவுக்கும் அபராஜிதா என்று பெயர் உண்டு.

கேள்வி: ஜாபர் என்றால் வெற்றியா? சிலர் வேறு பொருள் சொல்கிறார்கள்.
– வாசகர், காயல்பட்டினம்

தமிழில் ஒரே மாதிரி எழுதுவதால் வரும் குழப்பம் இது. அரபியில் இரண்டு தனிச் சொற்கள். ஜீம் எழுத்தில் தொடங்கும் ஜஅஃபர் என்றால் சிற்றாறு. ழா எழுத்தில் தொடங்கும் ஸஃபர் என்பதுதான் வெற்றி. ஆகவே வெற்றிதான் வேண்டும் என்றால் ஆங்கிலத்தில் ‘இசட்’ போட்டுத் தொடங்குங்கள். ‘ஜே’ போட்டால் பொருள் மாறிவிடும். முஸஃப்பர் (வென்றவர்) என்ற பெயரிலும் கவனம் தேவை. கொஞ்சம் வழுக்கினால் முஸாஃபிர், அதாவது பயணி. மன்சூர், ஃபாத்திஹ், ஃபாயிஸ், பெண்ணுக்கு ஃபாயிஸா ஆகியவற்றில் இந்தத் தொல்லை குறைவு. நஸ்ரின் என்பதை ‘நஸ்ர்’ (உதவி, வெற்றி) வழி வந்ததாகச் சொல்வது தவறு. அது பாரசீகத்தில் ஒரு காட்டு ரோஜாவின் பெயர்.

கேள்வி: பைபிளில் வெற்றிப் பொருள் தரும் பெண் பெயர் உண்டா?
– வாசகி, நாகர்கோவில்

யூனிஸ். கிரேக்கத்தில் ‘நல்ல வெற்றி’. தீமோத்தேயுவின் தாய், பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஐனிக்கேயாள் என்று இருப்பதால் பலருக்குத் தெரியாமல் போகிறது.

கேள்வி: மிருகசீரிடம், முதல் பாதம். வெற்றிப் பெயர் எது பொருந்தும்?
– வாசகர், திருச்செங்கோடு

அந்தப் பாதத்துக்கு எழுத்து ‘வே’. குறில் நெடிலை ஒன்றாகக் கொள்வதே வழக்கம். ஆகவே வெற்றி என்று தொடங்கும் எல்லாமே பொருந்தும். மற்றவர்களுக்கும் சேர்த்து: ரோகிணி இரண்டாம் பாதம் ‘வ’ (வாகை), மூன்றாம் பாதம் ‘வி’ (விஜயன், விஜயா). உத்திராடம் மூன்றாம் பாதம் ‘ஜ’. கிருத்திகை முதல் பாதம் ‘அ’ (அஜய், அபராஜிதா). புனர்பூசம் இரண்டாம் பாதம் ‘கோ’ (கொற்றவை). சில பஞ்சாங்கங்களில் எழுத்து மாறும். உங்கள் ஜோதிடர் பார்க்கும் பஞ்சாங்கத்தையே பாருங்கள்.

கேள்வி: பெயர் முடிவாகவில்லை. பிறப்புப் பதிவை நிறுத்தி வைக்கலாமா?
– வாசகி, ஆவடி

கூடாது. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். பெயர் இல்லாமலே பதியலாம். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆனால் ஏறிய பெயரை மனம்போல மாற்ற முடியாது, எழுத்துப் பிழையைத்தான் திருத்துவார்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை என்பதால் பெயரை முடிவு செய்வதில் அவசரம் வேண்டாம்.

பெயர் கொடுக்கும்போது தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். வாயால் சொன்னால் எழுதுபவர் தன் பழக்கப்படி எழுதுவார். வெற்றி, கொற்றவை இரண்டிலும் ‘ற்ற’ தான் தகராறு: ‘டிஆர்’, ‘டிடிஆர்’, ‘டிஆர்ஆர்’ என்று மூன்று விதமாகப் புழங்குகிறது. ‘டிஆர்’ போதும். எதை எடுத்தாலும் ஆதார் முதல் பள்ளி வரை அதையே வைத்திருங்கள். சான்றிதழ் வந்த அன்றே இன்ஷியலையும் சேர்த்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.