துணை மின் நிலையத்தில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் போதுமா?

தேவை கூடிவிட்டது, இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் தீராதா என்கிறீர்கள். முதலில் திறன் காரணியை, அதாவது எடுக்கும் மொத்தத் திறனில் உண்மையில் வேலை செய்யும் பங்கை, பாருங்கள். 20 மெகாவாட் சுமை 0.8-ல் ஓடினால் டிரான்ஸ்ஃபார்மரில் 25 எம்.வி.ஏ. (மொத்தத் திறனின் அலகு) பிடிக்கும், சுமார் 8.4 எம்.வி.ஏ.ஆர். (வேலை செய்யாத திறனின் அலகு) மின்தேக்கி வைத்து 0.95-க்கு ஏற்றினால் 21 போதும். செலவும் குறைவு.

அப்படியும் போதாவிட்டால் இரண்டாவதை வையுங்கள். பழையதோடு இணையாக ஓட, மின்னழுத்த விகிதமும் வெக்டர் குரூப்பும் (சுருள்களின் இணைப்பு முறையும் அதனால் வரும் கட்டக் கோணமும்) ஒத்திருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது மின்மறுப்புச் சதவீதத்தில்தான், அதாவது டிரான்ஸ்ஃபார்மர் மின்னோட்டத்தைத் தடுக்கும் அளவில்; அது குறைவாக உள்ளதே அதிகச் சுமையை இழுக்கும். இரண்டும் 10 எம்.வி.ஏ., ஒன்றின் மின்மறுப்பு 8%, மற்றதன் 10% என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சுமை 18 எம்.வி.ஏ.வைத் தொடும்போதே 8% உள்ளது முழுதாக நிரம்பிவிடும். பெயர்ப்பலகையைக் கூட்டிப் பார்த்த 20 கிடைக்காது.

இரண்டும் இணையாக ஓடினால், பழுது நேரும்போது பாயும் குறுக்குச்சுற்று மின்னோட்டமும் ஏறக்குறைய இரட்டிப்பாகலாம். பழைய பிரேக்கர் அதை அறுக்குமா என்று பார்க்காமல் பஸ் கப்ளரை (இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களின் பக்கங்களையும் இணைக்கும் சுவிட்சை) மூடாதீர்கள்.