பட்டனைத் தொட்டா ரவுண்ட்ஸ் முடிஞ்சுதா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

டெக்சாஸ்ல ஒரு கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஜெயில்ல டிடென்ஷன் ஆஃபீசரா, அதாவது காவலரா சேர்ந்து மூணு மாசம் ஆகுது. காலேஜைப் பாதியில விட்டவன் நான். அம்மா சொந்தக்காரங்ககிட்ட "கவர்மென்ட் வேலை"ன்னு மட்டும் சொல்லி நிறுத்திக்கறாங்க. 12 மணி நேர ஷிஃப்ட், ஆள் பத்தாம ஓவர்டைம் வேற. கிரிமினல்ஸ் கூடவே பொழுதுக்கும் இருந்து எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சீனியர் ஒருத்தர், "ரவுண்ட்ஸ் வந்ததைப் பதிவு பண்றதுக்கு சுவத்துல இருக்கற பட்டனைத் தொட்டுட்டு நடந்துகிட்டே இரு, ஒவ்வொரு செல்லா எட்டிப் பாத்தா பைத்தியம் புடிச்சிரும்"னு சொல்லித் தர்றார். இங்கயே இருக்கட்டுமா, போலீஸ் அகாடமிக்கு ட்ரை பண்ணட்டுமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

ராத்திரி வேலை பாக்கறவங்களைப் பத்தி ஒரு கட்டுரை ஆரம்பிச்சு ரொம்ப நாளா நகராம கெடக்குது. உன் கடிதத்தைப் படிச்சதும் அதை மூடி வெச்சுட்டு இதை எழுத உக்காந்துட்டேன்.

அம்மா விஷயத்தை முதல்ல விடு. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காராத எந்த வேலையும் நம்மாளுங்களுக்கு வேலையில்ல. அவங்க உன்னை நெனச்சு வெக்கப்படல, போன்ல அந்தப் பக்கம் இருக்கற அத்தையை நெனச்சு பயப்படறாங்க, அவ்வளவுதான். ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப சோறு எடுத்து வெச்சிருக்காங்கல்ல?

ஆனா 'கிரிமினல்ஸ்'னு எழுதியிருக்கே பாரு, அதுக்கு உன் காதைத் திருகணும். மூணு மாசம் அங்க நின்னும் நீ எங்க நிக்கறேன்னே தெரியல. தண்டனை முடிவாகி வருஷக்கணக்குல இருக்கறவங்க போறது ஸ்டேட் ப்ரிசனுக்கு. கவுண்டியோட போலீஸ் தலைவரான ஷெரிஃப் நடத்தற கவுண்டி ஜெயில்ல இருக்கறதுல பாதிக்கு மேல கேஸே முடியாதவங்க, ஜாமீன் பணம் கட்ட வழியில்லாதவங்க, நேத்து ராத்திரி வரைக்கும் உன்னை மாதிரி எங்கயோ வேலைக்குப் போயிட்டு இருந்தவங்க, குடிச்சு உளறினவன், மருந்து நிறுத்தினதால மண்டை கொழம்பினவன் எல்லாரும் ஒண்ணாக் கெடக்கற எடம் அது. ஜட்ஜ் இன்னும் சொல்லாததை நீ சொல்லாத.

இப்ப அந்த பட்டனுக்கு வர்றேன். நீ ஒரே ஒரு வரியில போற போக்குல சொல்லிட்டே. எனக்கு அந்த வரிதான் தூக்கத்தைக் கெடுத்துச்சு.

அந்த பட்டன் ஏன் வந்துச்சுன்னு உன் சீனியர்கிட்ட கேளு. உன் ஸ்டேட்லதான், 2015 ஜூலையில. சாண்ட்ரா பிளாண்ட், 28 வயசு கறுப்பினப் பொண்ணு, புது வேலைக்காக டெக்சாஸ் வந்தவங்க. லேன் மாறறப்ப இண்டிகேட்டர் போடலன்னு நிறுத்தினாங்க, வாக்குவாதம் முத்தி கைது, வாலர் கவுண்டி ஜெயில். ஜாமீன் 5000 டாலர், கையில கட்ட வேண்டியது 500 சொச்சம். மூணு நாள் கழிச்சு காலையில செல்லுல செத்துக் கெடந்தாங்க. தற்கொலைன்னு மருத்துவ அறிக்கை வந்துச்சு. முன்னாடி ஒரு தடவை முயற்சி பண்ணினதா ஜெயிலுக்குள்ள எடுக்கும்போதே சொல்லியிருந்தாங்க, ஃபார்ம்லயும் அது இருந்துச்சு. மணிக்கொரு தடவையாவது நேர்ல போய்ப் பாக்கணும்ங்கறது அப்பவே ரூல், அது நடக்கலன்னு ஸ்டேட்டோட ஜெயில் ஸ்டாண்டர்ட்ஸ் கமிஷன் சொல்லுச்சு. பாக்காமலே பாத்ததா ரவுண்ட்ஸ் பதிவேட்டுல எழுதினதை ஒரு காவலரே ஒத்துகிட்டார்னு குடும்பத்தோட வக்கீல் அப்புறம் சொன்னார். 2017ல அவங்க பேர்லயே சட்டம் வந்துச்சு, ஆபத்துல இருக்கறவங்களை வெக்கற செல்லுக்கு சென்சாரோ கேமராவோ வேணும்னு. பேனா பொய் சொல்லுதுன்னுதான் மெஷினை வெச்சாங்க. இப்ப உன் சீனியர் மெஷினுக்கும் பொய் சொல்லக் கத்துக் குடுக்கறார். நீ அந்தச் சுவத்துக்கிட்ட வந்தேன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும், நீ எந்தப் பக்கம் திரும்பியிருந்தேன்னு அதுக்கு என்ன தெரியும்?

இந்த நாட்டுக்கு வந்த புதுசுல நான் பாத்தது ஒரு முதியோர் இல்லத்துல நைட் ஷிஃப்ட் எய்ட் (உதவியாளர்) வேலை. படுத்த படுக்கையா இருக்கறவங்களை ரெண்டு மணிக்கொரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வெக்கணும், இல்லன்னா முதுகுல புண்ணு வந்துரும். எப்ப எந்தப் பக்கம் மாத்தினோம்னு எழுதற சார்ட் கதவுக்குப் பின்னாடி தொங்கும். கூட வேலை பாத்தவ ஒருத்தி பதினோரு மணிக்கே விடியற வரைக்கும் எழுதி கையெழுத்துப் போட்டு வெச்சுருவா, நல்லவதான், ரெண்டு வேலை பாத்துட்டு இருந்தா. ஒரு வயசான ஃபிலிப்பைன்ஸ் நர்ஸ் இருந்தாங்க, அவங்க சார்ட்டைத் தொடவே மாட்டாங்க. நேரா ரூமுக்குள்ள போய் தலகாணி எந்தப் பக்கம் இருக்குன்னு பாப்பாங்க. சார்ட்ல 'வலது'ன்னு இருக்கும், தாத்தா மல்லாக்கக் கெடப்பார். வெளிய வந்து கத்த மாட்டாங்க. "உள்ள என்ன பாத்தே, ஒண்ணு சொல்லு"ன்னு கேப்பாங்க. போகாதவளால எதையும் சொல்ல முடியாது, போனவளால சொல்ல முடியும்: போர்வை நனைஞ்சிருந்துச்சு, பல்செட்டைக் கழட்டாம தூங்கறார், இப்படி ஏதாவது ஒண்ணு.

அதைத்தான் உனக்கும் சொல்றேன். ஒவ்வொரு செல்லுலயும் ஒண்ணு பாரு. சாப்பாட்டுத் தட்டு தொடாம இருக்கா? ஜெயில் கடையான கமிஸரில வாங்கின சூப் பாக்கெட்டை எல்லாம் பக்கத்துல இருக்கறவனுக்குக் குடுத்துட்டானா? கோர்ட்டுக்குப் போயிட்டு வந்தவன், போன்ல பொண்டாட்டிகிட்ட பேசிட்டு வந்தவன், மொத ரெண்டு மூணு நாள்ல இருக்கறவன், குடியை நிறுத்தி கை நடுங்கறவன், இவங்களை நின்னு பாரு. தூங்கறான்னு நீயா முடிவு பண்ணாத, நெஞ்சு ஏறி இறங்கறதைப் பாத்துட்டுத்தான் அடுத்த கதவு. அமெரிக்கா பூரா ஜெயில் சாவுக்கு வருஷக்கணக்கா தற்கொலைதான் முதல் காரணமா இருந்துட்டு இருக்கு. ஆபத்துல இருக்கறவங்கன்னு அரை மணிக்கொரு தடவை பாக்கச் சொல்லி வெச்சவங்களைப் பாக்கணும்னா ஒரு ஷிஃப்ட்ல 24 ரவுண்டு, உனக்கு 48 பேர் வரைக்கும் இருக்கலாம், கால் விட்டுப் போகும், தெரியும். ஆள் பத்தலன்னா அதை மேல எழுத்துல குடு. பாக்காததைப் பாத்ததா காட்டாத. அதுக்காக சீனியர் உன்னை 'ரூல்புக்'னு கிண்டல் பண்ணினா பண்ணிட்டுப் போகட்டும், என்னையும் என்னென்னமோ சொன்னாங்க.

போலீஸ் அகாடமி கேட்டேல்ல? போறதுன்னா போ. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டில ஷெரிஃப்போட போலீஸ்காரங்களான டெபுட்டிகளையே பெரும்பாலும் மொதல்ல ஜெயில்லதான் போடறாங்க, அதனால இந்த அனுபவம் வீணாகாது. ஆனா இப்போதைக்கு இந்த வேலையை ஒழுங்கா பாரு, அந்தப் பேச்சை ஒரு வருஷம் கழிச்சு வெச்சுக்கலாம். அம்மாகிட்ட நான் பேசணும்னா நம்பர் அனுப்பு. அந்த சீனியர் நம்பரை மட்டும் அனுப்பிடாத, எனக்கு பிபி இருக்கு.

அன்புடன்,
அக்கா